கான்கிரீட்டுக்கு முந்தைய ஒப்புதல்: மென்பொருளில் நிலைகளை எப்படி அமைப்பது

நான் கட்டுமான சைட்டில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். புது புராஜெக்ட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் மென்பொருள் வந்ததுமே, யார் யாருக்கு அப்ரூவல் உரிமை என்ற பேச்சுதான் முதலில் எழும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எந்த வேலை எந்தக் கட்டத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். நிலைகள் அதிலிருந்தே வந்துவிடும்.

தூணை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் (கான்கிரீட்டை ஊற்றும் அச்சுப் பலகை) அடைத்துவிட்டால் ரிங் ஹூக் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் முனை) 135 டிகிரிக்கு மடித்திருக்கிறதா, கம்பி லேப் (ஒரு கம்பி இன்னொன்றோடு சேர்ந்து நீளும் இணைப்பு) எல்லாம் ஒரே மட்டத்தில் விழுந்துவிட்டதா என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால் தூணுக்குக் கம்பி ஒரு இன்ஸ்பெக்‌ஷன், ஷட்டர் இன்னொன்று. கம்பிக்கு ஒப்புதல் வராமல் ஷட்டர் படிவம் திறக்கவே கூடாது. ஸ்லாப்பில் வரிசை தலைகீழ்: முதலில் சென்ட்ரிங் (ஸ்லாப்புக்கான அடி அச்சு), அதைத் தாங்கும் முட்டு, லெவல், பிறகு கம்பி, கண்ட்யூட் (மின்வயர் போகும் குழாய்), ஸ்லீவ் (பிற குழாய்கள் போக விடும் துளைக் குழல்). எல்லாவற்றுக்கும் ஒரே ‘போர் கார்டு’ (கான்கிரீட் ஊற்ற அனுமதிக்கும் படிவம்) டெம்ப்ளேட் வைத்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஒரு படிவம் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும் என்ற வசதி உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், கம்பி ஒப்புதல் எண்ணை ஷட்டர் படிவத்தின் முதல் கேள்வியாக, கட்டாயமாக நிரப்பும்படி வையுங்கள்.

இப்போது ஆட்கள். சைட் இன்ஜினியர் கோரிக்கை எழுப்பட்டும், காண்ட்ராக்டரின் க்யூசி (தரக் கட்டுப்பாட்டு ஆள்) சரிபார்க்கட்டும், கன்சல்டன்ட் ஒப்புதல் தரட்டும். மூன்று பேர் போதும். பிளானிங், பில்லிங், புராஜெக்ட் மேனேஜர் ஆகியோருக்குத் தகவல் மட்டும் போகட்டும். கையெழுத்து கூடக் கூட, கம்பியைப் பார்க்காமலே போனில் அழுத்துகிறவர்கள்தான் கூடுவார்கள். ஸ்லாப்பில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சரிபார்ப்பை க்யூசியோடு ஒரே நேரத்தில் நடக்கும்படி வையுங்கள். வரிசையில் போட்டால் ஒருவர் வராததால் எல்லாமே நிற்கும்.

நான் மிகவும் கறாராக இருக்கும் இடம் நிராகரிப்பு. ‘குறிப்புடன் ஏற்பு’ என்ற தேர்வைக் கான்கிரீட்டுக்கு முந்தைய படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கான்கிரீட் விழுந்தபின் அந்தக் குறிப்பை யாரும் சரிசெய்ய முடியாது. நிராகரித்தால் காரணமும் படமும் கட்டாயம். ‘கவர் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் தடிமன்) சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் கம்பி மேஸ்திரி எங்கே போய்த் தேடுவார்? ‘ஏ பிளாக், 3ஆம் தளம், சி4 தூண், வடக்குப் பக்கம், கவர் 25 மி.மீ., வேண்டியது 40’ என்று எழுதி, டேப் வைத்து எடுத்த படத்தைச் சேர்த்தால் உடனே கவர் பிளாக்கை (அந்த இடைவெளியைப் பிடித்துவைக்கும் சிறு கட்டை) மாற்றிவிடுவார். திருத்திய பிறகு புது எண் வேண்டாம். அதே எண்ணில் திருத்தம் 1 என்று திரும்பி வரட்டும். எந்தக் குழு எதில் திரும்பத் திரும்பத் தவறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஒப்புதல் எண் இல்லாமல் ஆர்எம்சி (கலந்து வண்டியில் அனுப்பும் கான்கிரீட்) பிளான்ட்டுக்கு ஆர்டர் போகக் கூடாது. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 4926 கணக்கில் லோடு ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட் முழுவதும் சைட்டில் இறங்கியாக வேண்டும். வண்டி கேட்டில் நிற்கும்போது ஆய்வு செய்கிறவர் மேல் விழும் அழுத்தம் சாதாரணமில்லை. ஒப்புதலுக்கு ஒரு காலாவதியும் வையுங்கள். இரவு மழை பெய்திருந்தால், ஆட்கள் மிதித்துக் கம்பி இறங்கியிருந்தால், நேற்றைய ஒப்புதல் இன்று செல்லாது. பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால், படிவத்தில் பதிவாகும் நேரம் பட்டனை அழுத்திய நேரமா, பின்னால் அப்லோடு ஆன நேரமா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

க்யூப் (கான்கிரீட் வலிமையைச் சோதிக்கும் கனசதுரக் கட்டி) முடிவைக் கான்கிரீட் ஒப்புதலோடு கட்டாதீர்கள். 28 நாள் முடிவுக்காகப் படிவங்கள் திறந்தே கிடந்தால், உண்மையில் நிலுவையில் இருப்பது அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். தனிப் பதிவாக வைத்து இணைப்பு மட்டும் கொடுங்கள். ஐஎஸ் 456 படி 6 முதல் 15 கன மீட்டர் வரை 2 சாம்பிள், 16 முதல் 30 வரை 3, 31 முதல் 50 வரை 4. ஒரு சாம்பிளுக்கு 3 க்யூப். கான்கிரீட் அளவைப் பதிவிட்டதும் இந்த எண்ணிக்கை தானே வரும்படி செய்துவிடலாம்.

முட்டு பிரிப்பதற்கும் தனி ஒப்புதல் தேவை. பலர் இதைச் சேர்ப்பதே இல்லை. ஸ்லாப் ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு இடையிலான தூரம்) 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று கான்கிரீட் போட்ட தேதியிலிருந்து மென்பொருளே கணக்கிடட்டும். இது ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட்டுக்கான கணக்கு. பிபிசியோ (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்), சாம்பல் கலந்த மிக்ஸோ என்றால் அந்தத் தேதியை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் நிரப்ப வேண்டும். படிவத்தில் அந்தத் தேதிக்கான பெட்டியை அவரைத் தவிர மற்றவர்களுக்குப் பூட்டிவிடுங்கள்.