பிக்கப் ட்ரக்குக்கு எந்த ஆக்சில் ரேஷியோ எடுக்கணும்?

அமெரிக்கால பிக்கப் வாங்குறவங்க இன்ஜினைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, ஆக்சில் ரேஷியோவ கண்டுக்கவே மாட்டாங்க, எனக்கு அதுதான் ஆதங்கம். ஆக்சில் ரேஷியோ 3.73ன்னா வீல் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் (ஆக்சிலுக்கு இன்ஜின் பவர கொண்டுபோற தண்டு) 3.73 சுத்து சுத்துது. நம்பர் பெருசானா இழுவை ஜாஸ்தி, ஹைவேல ஆர்பிஎம்மும் ஏறும், பெட்ரோலும் கூட குடிக்கும்.

ஃபோர்டு எஃப்-150ல 3.31, 3.55, 3.73ன்னு வந்திருக்கு. ஆபீஸ் போய்வர மட்டும்னா 3.31 தாராளமா போதும். அடிக்கடி ட்ரெய்லர் இழுப்பீங்க, அதுவும் மலை ரோடுன்னா யோசிக்காம 3.73 எடுங்க, ஏன்னா அதே இன்ஜினுக்கே ரேஷியோவ பொறுத்து கம்பெனி சொல்ற டோயிங் லிமிட், அதாவது இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை, மாறும்.

பழைய வண்டின்னா வாய்வார்த்தைய நம்பாதீங்க, டிரைவர் டோர் ஸ்டிக்கர்ல ஆக்சில் கோட் இருக்கான்னு பாருங்க. பழைய செவ்ரோலே சில்வராடோ பிக்கப்ன்னா க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கர்ல ஜிடி4ன்னு இருந்தா 3.73, ஜியு6ன்னா 3.42.

பெரிய டயர் போட்டா இழுவை குறையும், அதனால அப்படி போடுறவங்க புது ரேஷியோவ கட்டாயம் கணக்கு போடுங்க. புது டயர் உயரத்த பழைய உயரத்தால வகுத்து இப்ப இருக்க ரேஷியோவால பெருக்கணும். 31 இன்ச்லேர்ந்து 35க்கு போனா 3.55 × 35 ÷ 31, கிட்டத்தட்ட 4.01 வரும், அப்ப கடைல அதுக்கு பக்கத்துல இருக்க 4.10 கியர் செட் கேளுங்க. ஃபோர் வீல் டிரைவ்ன்னா முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்சிலையும் சேர்த்துதான் மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்திட்டு 4x4 போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் (பவர முன்னாடி பின்னாடி ஆக்சிலுக்கு பிரிச்சு கொடுக்குற கியர் பெட்டி) காலி. ஸ்பீடோமீட்டரையும் மறக்காம கேலிப்ரேட் பண்ணிடுங்க.