களிமண்ணில் எழுதலாம், வாங்க

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்புக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் மெசப்பொத்தேமியாவை, அதாவது இன்றைய ஈராக் பகுதியில் இருந்த பழைய நாகரிகத்தை, மண்ணில்தான் தொடங்குவேன்.

ஆற்றோரக் களிமண் ஒரு பிடி போதும். கல், வேர் பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். விரலில் ஒட்டினால் ஈரம் அதிகம். உள்ளங்கை அளவில் தட்டிக்கொள்ளுங்கள்.

மெசப்பொத்தேமியர்கள் களிமண்ணில் நாணல் குச்சியால் எழுதினார்கள். நமக்குச் சீனர் கடைச் சாப்ஸ்டிக்கின் சதுர முனை அருமையாகப் பொருந்தும். முனையின் மூலையைச் சாய்த்து அழுத்தி எடுங்கள். இழுக்கவே கூடாது, இழுத்தால் மண் பிசிறும். தலை அகன்று வால் கூர்ந்த ஆப்பு விழும். அதுதான் ஒன்று. குச்சியைத் திருப்பி மூலையை மட்டும் பதித்தால் பத்து. 23க்கு இரண்டு பத்து, மூன்று ஒன்று. 60 வந்தால் மறுபடி அதே ஒற்றை ஆப்பு! ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பது அந்தக் கணக்கின் வழிவந்ததுதான்.

முதலில் என்ன எழுதுவது? பெயர் வேண்டாம், கணக்கு எழுதுங்கள். ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் மெசப்பொத்தேமியாவின் ஊருக் நகரத்துக் களிமண் ஏடுகளில் பெரும்பாலானவை வாற்கோதுமை, ஆடு, வேலையாட்களுக்குக் கொடுத்த உணவுப் படி பற்றியவைதான். என் பாட்டி கொண்டுவந்த ரப்பர் பாலைத் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் நிறுத்து எழுதிய புத்தகம் மாதிரி. எழுத்து பிறந்ததே உழைத்தவர் கணக்கில் என்று சொல்லும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும்.

நிழலில் நாலு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.