ஜாஸ் டிரம்ஸ் கத்துக்கறவங்க பண்ற தப்புகள்: இடது கைக்கு என்ன அவசரம்?

போன வாரம் ஒரு பையன் வாசிக்கறத பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தேன். ராக் நல்லா வாசிப்பான், ஜாஸ் ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. ரைடுல (வலது கை வாசிக்கற பெரிய சிம்பல்) நாலு பார் (ஒரு பார்னா நாலு பீட்) கூட போகல, அதுக்குள்ள ஸ்னேர்ல (இடது கை வாசிக்கற டிரம்) டக்கு டக்குன்னு ஆரம்பிச்சுட்டான், முகத்துல ஒரு சிரிப்பு வேற. பழைய என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு, அதான் எரிச்சலா வந்துச்சு. ஸ்டிக்க எப்படி பிடிக்கணும், முதுக நேரா வைக்கணும், காதுக்கு பிளக் போடணும், இதெல்லாம் ஊரே சொல்லியாச்சு, நான் அதுக்குள்ள போகல.

ரைடு நிக்கறதுக்கு முன்னாடி இடது கைய இறக்கறது

இதுல நான் ஒன்றரை வருஷத்த தொலைச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் பேசுவேன்.

அடிப்படை ரைடு பேட்டர்ன் எல்லாருக்கும் தெரியும். டிங், டிங்-க, டிங், டிங்-க. 1-லயும் 3-லயும் ஒரு அடி, 2-லயும் 4-லயும் ரெண்டு அடி, ஹை-ஹாட்ட (மிதிச்சா மூடற ஜோடி சிம்பல்) கால்ல மிதிச்சு 2-லயும் 4-லயும் "சிக்". பத்து நிமிஷத்துல கை பழகிடும். பழகினதும் "ஓ வந்துடுச்சு"ன்னு நினைச்சுக்கறோம் பாருங்க, அங்கதான் மாட்டறோம். நானும் அப்படித்தான், நேரா கோஆர்டினேஷன் எக்ஸர்சைஸுக்கு ஓடினேன். மேல ரைடு மாறாம போகணும், இடது கை ஸ்னேர்ல விதவிதமா வாசிக்கணும். ஒவ்வொரு பக்கம் முடிச்சதும் பென்சில்ல டிக் போட்டு தேதி வேற எழுதி வெப்பேன்.

அப்புறம் முதல் தடவையா ஒரு பேஸ் (கீழ் ஸ்வரம் வாசிக்கற தந்தி வாத்தியம்) வாசிக்கறவரோட உக்காந்தேன். ரெண்டாவது கோரஸ்ல, அதாவது பாட்டோட ரெண்டாவது சுத்துல, அவரு நிறுத்திட்டாரு. "தம்பி, நான் உன் வலது கை கூடத்தான் நடக்கறேன், உன் இடது கை பேச ஆரம்பிச்சதும் அந்த வலது கை எங்கயோ போயிடுதே"ன்னாரு. நான் நம்பல. வீட்டுக்கு வந்து ரெக்கார்ட் பண்ணி கேட்டேன். 1-க்கும் 2-க்கும் நடுவுல ஸ்னேர் விழற இடத்துல எல்லாம் ரைடோட 2 ஒரு இழை முன்னாடி வந்து விழுது. ரெண்டு கையும் ஒண்ணா விழற இடத்துல ரைடு தேவையில்லாம சத்தமாகுது. சில பார்ல அந்த "க"வக் காணவே காணோம், இடது கை முழுங்கிடுச்சு. அதாவது ரெண்டு கை தனித்தனியா பேசவே இல்ல, ரெண்டும் சேர்ந்து ஒரு நாப்பது வாக்கியத்த மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.

ரைடு ஏன் இவ்வளவு முக்கியம்னா, டைம் வெச்சுக்கற வேலை எப்பவுமே ஒரே இடத்துல இருந்ததில்ல. முன்னாடி கால்ல மிதிக்கற பேஸ் டிரம்தான் (கிக்னும் சொல்வாங்க) நாலு பீட்டையும் இடிச்சுட்டு இருந்துச்சு. 1930-கள்ல கவுன்ட் பேஸி பேண்டுல டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அத ஹை-ஹாட்டுக்கு லேசா தள்ளிட்டு போனாரு. 1940-களோட தொடக்கத்துல இன்னொரு டிரம்மர் கென்னி கிளார்க் அத ரைடுக்கு கொண்டு வந்தாரு, அதனாலதான் கிக்கும் ஸ்னேரும் ஃப்ரீயாகி நடுவுல நடுவுல குத்த முடிஞ்சுது. இடது கைக்கு கிடைச்ச சுதந்திரமே ரைடு வேலைய ஏத்துக்கிட்டதாலதான். ரைடு வேலை பாக்கலன்னா அந்த சுதந்திரத்துக்கு அர்த்தமே இல்ல.

இப்போ நான் மத்தவங்கள பண்ண வைக்கறது இதுதான். முதல்ல "க" கூட கிடையாது, ரைடுல வெறும் நாலு அடி, நாலும் ஒரே நீளத்துல. பேஸ் வாசிக்கறவர் நடக்கற மாதிரி அது நடக்கணும். அது நின்னதும் ஹை-ஹாட், அப்புறம்தான் "க", அதுவும் மத்த அடிய விட லேசா. மெட்ரோனோம 60-ல வெச்சு அந்த கிளிக்க 2, 4-ன்னு எடுத்துக்கிட்டு 120-ல வாசிங்க, 1 எங்கன்னு நீங்கதான் வெக்கணும். முதல் நாள் அசிங்கமாத்தான் இருக்கும், பரவாயில்ல. இடது கைக்கு நாலு பாருக்கு ஒரே ஒரு அடி, அதுக்கு மேல வேண்டாம். ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, ஸ்னேர் வந்த இடத்துல ரைடு அசைஞ்சா அந்த ஒரு அடியையும் எடுத்துடுங்க. 1959 வாக்குல டிரம்பெட் வாசிக்கற மைல்ஸ் டேவிஸ் குரூப்ல டிரம்மர் ஜிம்மி காப் வாசிச்ச ரைட கேட்டா, எவ்வளவு கம்மியா வாசிச்சும் எவ்வளவு ஓட்டம் வருதுன்னு புரியும்.

அந்த நாப்பது வாக்கியத்தையும் மறக்க எனக்கு மேல எட்டு மாசம் ஆச்சு, அத இப்போ நினைச்சாலும் கடுப்பா இருக்கு.

எல்லா டெம்போக்கும் ஒரே ட்ரிப்ளெட்

ஸ்விங்னா (ஜாஸோட அந்த ஆட்டம்) ட்ரிப்ளெட், அதாவது ஒரு பீட்ட மூணா பிரிக்கறது, அதுல நடு அடிய விட்டுடணும்னு சொல்லித் தருவாங்க. மீடியம் டெம்போல சரி. வேகம் ஏற ஏற அந்த "க" நடுவாக்குல நகர்ந்து கிட்டத்தட்ட சமமாகிடும், 260-லயும் ட்ரிப்ளெட்ட கட்டிப் பிடிச்சா நொண்டற மாதிரி இருக்கும், கையும் இறுகிப் போயிடும். கணக்கு போடாதீங்க, கேட்டு எடுங்க.

கிக்க மிதிக்கறது

ராக்ல இருந்து வர்றவங்க எல்லாரும் பண்றது. நாலு பீட்டும் கிக்ல வைக்கலாம், தப்பில்ல, ஃபெதரிங்னு அதுக்குப் பேரே இருக்கு. ஆனா அது காதுக்கு கேக்கக் கூடாது, இருக்குன்னு உணரணும், அவ்வளவுதான். பெடல்ல இருக்கற பீட்டர் டிரம் ஹெட்ல (தோல்ல) இருந்து ரெண்டு விரக்கடைக்கு மேல பின்னாடி போகாம வாசிச்சுப் பாருங்க. பேஸ் வாசிக்கறவரோட நோட்டு எங்க போச்சுன்னு தேடற நிலைமை வந்தா காரணம் உங்க கால்தான்.

சின்னதா 18 இன்ச் பேஸ் டிரம் வாங்கினா ஜாஸ் வந்துடும்

வராது.

பிரஷ்ல அடிக்கறது

அது தேய்க்கற சாமான். கோட்டட் ஹெட் (சொரசொரன்னு பூச்சு போட்ட தோல்) இல்லன்னா தேய்ச்சாலும் சத்தம் வராது.

பாட்டு தெரியாம டிரம்ஸ் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கறது

12 பார் ப்ளூஸா, 32 பார்ல ஏ-ஏ-பி-ஏ-வான்னு (ஏ பகுதி ரெண்டு தடவ, நடுவுல வேற பகுதி பி, திரும்ப ஏ) தெரியாமலேயே ஏறி உக்காந்துடறாங்க. நான் ட்ரேடிங் ஃபோர்ஸ்ல, அதாவது நாலு நாலு பாரா மாத்தி மாத்தி சோலோ வாசிக்கறதுல, அசிங்கப்பட்டிருக்கேன். நாலு பார்தான் எனக்கு, ஒரு நல்ல ஃபில்ல ரசிச்சு வாசிச்சு கண்ண தொறந்தா சாக்ஸஃபோன் வாசிக்கறவரு வாய்ல ரீட வெச்சுட்டு புருவத்த தூக்கி என்னையே பாத்துட்டிருக்காரு, நான் அஞ்சாவது பார்ல இருக்கேன். அதுக்கப்புறம் மெலடிய வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டேதான் வாசிக்கறேன், சோலோவுலயும். எண்றத விட அது சுலபம்.

அந்தப் பையன் கதைக்கு வர்றேன். ஸ்னேர ஸ்டாண்டோட தூக்கி ரூம் மூலைல வெச்சுட்டேன். ரைடு, ஹை-ஹாட், அவ்வளவுதான் அவனுக்கு. நேத்து கேட்டான், "எப்போண்ணா திருப்பித் தருவீங்க"ன்னு. ரெக்கார்ட் பண்ணி அனுப்பு, கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் அனுப்பல.