காட்டில் சுள்ளி பொறுக்க: எதை எடுப்பது, எதை விடுவது

முதலில் இடம். சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் விறகு எடுப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2006 வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சிறு வன மகசூலில், அதாவது வெட்டுமரம் அல்லாத காட்டுப் பொருள்களில், சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த உரிமை காட்டை நம்பி வாழும் பழங்குடிகளுக்கும், மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்துவரும் மற்றவர்களுக்கும்தான். சந்தேகம் இருந்தால் வனக்காப்பாளரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சந்தனம் காய்ந்து விழுந்து கிடந்தாலும் தொடாதீர்கள்.

கோடையில் இலையுதிர் காட்டில் உசில், வெக்காலி எல்லாம் மொட்டையாக நிற்கும். இலை இல்லை என்பதால் அது பட்ட மரம் ஆகிவிடாது. பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. கிளையை வளைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். நார் நாராகக் கிழிந்தால் விட்டுவிடுங்கள். பச்சை விறகு அடுப்பில் முதலில் தன் ஈரத்தைத்தான் வற்றவைக்கும். சூடு வருமுன் வீடெல்லாம் புகை.

அடுத்த வருஷ விறகுக்காக இந்த வருஷமே அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரித்து வைப்பவர்கள் உண்டு. இலையில் உருவாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அது அறுபட்டால் வேர் பட்டினி கிடந்து மரமே பட்டுப்போகும். இது மரத்தைக் கொல்வதுதான், இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

தரையில் கிடப்பதில் மணிக்கட்டுப் பருமன் வரை எடுத்தால் போதும். அதற்கு மேல் தடித்த உளுத்த கட்டைகள் மண்ணாகட்டும். புரட்டினால் தேளும் பாம்பும் இருக்கும். பொந்துள்ள பட்ட மரம் ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் வீடு, அதில் அரிவாள் வைக்க வேண்டாம். திருகுகள்ளி, சேராங்கொட்டை இரண்டையும் ஒதுக்குங்கள். அவற்றின் பாலும் சாறும் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணை எரிக்கும்.

தாராளமாக எடுக்க வேண்டியவை உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும். இரண்டும் வந்தேறிகள். உண்ணிச்செடியின் காய்ந்த தண்டு அடுப்பு மூட்ட நல்லது. சீமைக்கருவேலம் நின்று எரியும், கங்கும் நிற்கும். ஆனால் வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும் என்பதால், அனுமதி உள்ள இடத்தில் வேரோடு தோண்டி எடுப்பதே நல்லது. முள் குத்தினால் முனை உள்ளே ஒடிந்து சீழ் வைக்கும். தடித்த செருப்பு இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

யானை நடமாட்டம் உள்ள காட்டில் நன்றாக வெயில் ஏறிய பிறகு போய், பொழுது சாயுமுன் திரும்புங்கள். தனியாகப் போக வேண்டாம். பீடி, தீப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். சுள்ளியை முழு நீளத்தில் கட்டினால் புதரில் மாட்டி இழுக்கும். கைநீளத்துக்கு ஒடித்து, நீங்களே தூக்கித் தலையில் வைக்கக்கூடிய அளவில் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். சும்மாடு கட்டாயம்.

வீட்டில் தரையோடு போடாமல் இரண்டு கல்லின் மேல் குறுக்குக் கட்டை வைத்து அடுக்குங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டால் கரையான் எளிதில் ஏறாது, மழைக்காலத்திலும் பற்றும்.