மரமஞ்சளை மாத்திரையாக விழுங்கும் முன்

நாட்டு மருந்துக் கடையில் விறகுச் சில்லு போலக் கிடக்குமே மரமஞ்சள், அதன் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பரின். அதையே கேப்ஸ்யூலில் அடைத்து 'உடல் இளைக்கும், இதயத்துக்கு நல்லது' என்று விற்கிறார்கள். சிலர், எதற்குச் செலவு, குழம்பில் இன்னொரு கரண்டி மஞ்சள்தூள் போட்டால் ஆயிற்று என்கிறார்கள். பெயரில்தான் உறவு. சமையல் மஞ்சளில் இருப்பது குர்குமின்; அதில் பெர்பரின் கிடையாது.

கேப்ஸ்யூல் வாங்கியவர்கள் செய்கிற தவறு வேறு: கூட விழுங்கினால் கூடப் பலன் என்ற கணக்கு. விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. பெரும்பகுதி குடலிலேயே நிற்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் கொஞ்சத்தை டைஹைட்ரோபெர்பரினாக மாற்றுகின்றன. அது குடல் சுவருக்குள் எளிதாக நுழைந்து, நுழைந்ததும் பழையபடி பெர்பரினாகிவிடுகிறது. 2015இல் விலங்குகளில் கண்டறிந்தது இது. ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைக் குறைத்தபோது ரத்தத்தில் பெர்பரினும் குறைந்தது. அளவை ஏற்றினால் உடனே தெரிவது வயிற்று வலி, பேதி, இல்லையென்றால் மலச்சிக்கல். ஆய்வுகளில் பொதுவாக 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். எல்லா வேளைக்கானதையும் ஒரே மூச்சில் விழுங்குவது வீண் வம்பு.

இதய விஷயத்தில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. இறைச்சி, முட்டை மஞ்சள் கருவில் உள்ள சத்துகளைக் குடல் பாக்டீரியா டிஎம்ஏ என்ற பொருளாக்கும். கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்கும். இது ரத்தத்தில் அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் அதிகமாகக் காணப்படுகிறது. பெர்பரின் அந்த முதல் படியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லையும் ஓரளவு குறைக்கும். அதை நம்பி டாக்டர் எழுதிக் கொடுத்த, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மாரடைப்பைத் தடுப்பதில் ஸ்டாட்டினுக்கு இருக்கும் நீண்டகாலச் சான்று பெர்பரினுக்கு இல்லை.

எடை? ஓரிரண்டு கிலோ குறைந்தால் அதிகம். எடை குறைக்கப் பலர் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோய் ஊசியான ஓசெம்பிக்கோடு ஒப்பிட்டு 'இயற்கை ஓசெம்பிக்' என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு.

அப்புறம், மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். சிறுநீரக மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் ஏறிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தொடவே கூடாது: பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலையை முற்றவைத்து மூளையைப் பாதிக்கக்கூடியது இது.