பாட்டும் சிரிப்பும் கலந்த மேடை நிகழ்ச்சியைப் படமாக்குவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலோ அதன் சாட்ஸ்வொர்த் பகுதியிலோ உள்ள மண்டபங்களில் பாடிக்கொண்டே சிரிக்கவைக்கும் கலைஞரைப் படமெடுக்கப் போகிறீர்களா? முதலில் ஒலியைக் கவனியுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். சிரிப்புச் சத்தம் இல்லாவிட்டால் நகைச்சுவை செத்துவிடும்.

மிக்ஸரிலிருந்து, அதாவது மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவியிலிருந்து வரும் ஒலியில் பாடகர் குரலும் வாத்தியமும்தான் இருக்கும், கூட்டம் இருக்காது. அதனால் மேடை விளிம்பின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு மைக், ஸ்பீக்கருக்குப் பின்னால் தள்ளி, கூட்டத்தை நோக்கி வையுங்கள். தனித்தனி டிராக்கில் (ஒலித்தடத்தில்), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பதிவுக் கருவி காட்டும் உச்ச ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். திடீர்ச் சிரிப்பில் ஒலி எகிற அந்த இடைவெளி தேவை. ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி மைக் வைத்தால் ஒலி சுமார் 50 மில்லிசெகண்ட் தாமதமாக வரும், குரல் எதிரொலிக்கும். எடிட்டில் அந்த டிராக்கை அவ்வளவு முன்னே நகர்த்துங்கள்.

கேமரா மூன்று போதும். நடுவில் நின்று முழு மேடையைக் காட்டும் கேமராவை நிறுத்தவே கூடாது. இன்னொன்று முகத்துக்கு, மூன்றாவது கூட்டத்துக்கு. தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 நொடி. 1/60 வைத்தால் சில விளக்குகளில் படம் துடிக்கும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள், விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் முகமும் நிறம் மாறும்.

வெட்டும்போது அவசரம் வேண்டாம். கலைஞர் புருவத்தைத் தூக்கி ஒரு நொடி நிற்பார். அந்த மௌனம்தான் நகைச்சுவை. சிரிப்பு வெடித்த பிறகே கூட்டத்தைக் காட்டுங்கள்.