பேஸ் கிடார் கரகரப்பு, நான் சரி பண்ணுன கதை

கிருஷ்ணகிரில ஒரு லைட் மியூசிக் குரூப்ல பேஸ் வாசிக்கிறேன். போன வருஷம் ஆக்டிவ் பேஸ் வாங்குனேன், உள்ளயே 9 வோல்ட் பேட்டரில ஓடுற பிரீஆம்ப் (சிக்னலை பெருசாக்குற சின்ன சர்க்யூட்) இருக்கும்ல, அது. காவேரிப்பட்டினத்துல ஒரு ரிசப்ஷன், தடிச்ச ஈ கம்பியைத் தட்டுனாலே மிக்சர்ல செவப்பு லைட்டு, சத்தம் கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி. மிக்சர்ல சத்தத்தை ஏத்தி எறக்குற ஃபேடரை எறக்குனா சத்தம்தான் கொறையுது, கரகரப்பு அப்படியே நிக்குது, ஏன்னா சிக்னல் உள்ள நுழையிற எடத்துலயே அளவு மீறி அதோட மண்டை வெட்டுப்பட்டுருச்சு, அதுக்கப்புறம் எங்க கொறைச்சும் பிரயோஜனம் இல்ல.

பேட்டரி வீக்கானாலும் இப்படித்தான் கரகரக்கும், அதனால மொதல்ல அதை மாத்துனேன். மாறல. அப்புறம் வீட்டுல நிதானமா உக்காந்து கடைசி ஃபிரெட்ல (கிடார் கழுத்துல குறுக்க இருக்குற உலோகப் பட்டை) கம்பியை அமுக்கிப் பாத்தா, ஈ கம்பி பிக்கப்பை (கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற காந்தச்சுருள்) ஒரசாத கொறைதான், அவ்ளோ கிட்ட இருந்தா சிக்னல் ரொம்ப பலமா போகும். பிக்கப் ஸ்குரூவை கால் கால் திருகா திருப்பி, பிக்கப்பை எறக்கி 3 மில்லிமீட்டர் இடைவெளி வெச்சேன், பாதி பிரச்சன அங்கயே தீந்துச்சு. கிடார்ல அடி சத்தத்தைக் கூட்டுற பேஸ் நாபை ஃபுல்லா ஏத்தி வெச்சிருந்தேன், அதையும் நடுவுக்கு கொண்டாந்தேன்.

மீதியை டிஐ பாக்ஸ்ல (கிடாருக்கும் மிக்சருக்கும் நடுவுல மாட்டுற பெட்டி) இருக்குற 20 டெசிபல் பேட், அதாவது சிக்னலைக் கொறைக்கிற சுவிட்ச், பாத்துக்குச்சு, அதைப் போட்டா வோல்டேஜ் பத்துல ஒரு பங்கா கொறையும். இப்ப செக்கிங்ல எவ்ளோ பலமா வாசிப்பனோ அவ்ளோ பலமா தட்டி, செவப்பு லைட்டு எரியாத அளவுக்கு மிக்சர்ல கெயினை (சிக்னல் உள்ள நுழையிற எடத்துல எவ்ளோ பெருசாகணும்னு வெக்கிற நாப்) வெக்கச் சொல்றேன், மெதுவா தட்டிக் காமிச்சா பாட்டு நடுவுல மறுபடி கிழியும்.

வாசிச்சு முடிச்சதும் கேபிளை கழட்டிருங்க, சொருகியே வெச்சா பேட்டரி காலியாயிரும்.